திரிபோஷா வந்த சேதிய சங்கக்கடை மதிலிலயும் ஒட்டுங்கோ

எங்கட பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில இருக்கிற டொக்டருக்கும் மிட்வைஃப் மிஸ்மாருக்கும் வணக்கம். இத வாசிச்சிட்டு கோவிக்காதேங்கோ.

போன மாசம் கிளினிக்கில பிள்ளையளுக்கு குடுக்கிற திரிபோஷா சத்துமா வந்ததெண்டு வட்ஸ்அப் குறூப்பில போட்டிருக்கிறியள். என்ர மருமகள் அதைப் பாத்தது மூண்டு நாள் கழிச்சு, ஏனெண்டா டேற்றா முடிஞ்சு, மகன் கடலால வந்து ரீலோட் போட்டாப்பிறகு தான் போன் டிங் டிங் எண்டு கத்தினது. ஓடிப்போனா பக்கற் முடிஞ்சுதாம். சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்த அந்த 750 கிராம் பக்கற் தான் பேரனுக்கு ரெண்டு கிழமைக்கு காணும். அவன்ர கிளினிக் கொப்பியில நிறைப் புள்ளி பச்சையில இருந்து செம்மஞ்சளுக்கு இறங்கிக் கிடக்கு.

இன்ரநெற்ற நான் திட்டேல்ல. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், தண்ணியும் வேண்டாமெண்டு யூரியூப் பாத்துத்தான் மருமகள் என்னோட சண்டை பிடிச்சவ, நாக்கில தேன் தொட்டு வைக்கப்போன என்ர கையையும் தட்டிவிட்டவ. ஒரு வயசுக்குள்ள தேன் கூடாதெண்டு மிட்வைஃப் மிஸ்சும் சொன்னவ. தோத்தது நான் தான், சரி.

ஆனா அவ பாக்கிறது முழுக்க தமிழ்நாட்டு வீடியோ. ராகிக் கூழ் குடுங்கோ எண்டு சொல்ல, அவ எங்கட யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை முழுக்க ராகி தேடினவ. ராகி எண்டா குரக்கன் தானே, எங்கட குசினியில ரின்னுக்குள்ள குரக்கன் மா கிடந்து வண்டு வைக்குது! மத்தி மீன் நல்லதாம், அது எங்கட சாளை, கரைவலையில வாறது. கடைசியில ஒண்டும் கிடைக்கேல்லயெண்டு பிஸ்கட்ட தேத்தண்ணியில தோய்ச்சு தீத்திப்போட்டு இருக்கிறா.

இதுக்குள்ள நடுவில நடுவில பால்மா விளம்பரம் வேற. தாய்ப்பாலுக்குப் பதிலா விக்கிற மாவுகள சனத்துக்கு விளம்பரம் செய்யக்கூடாதெண்டு 1981லயே உலக சுகாதார சபை ஒரு விதிக்கோவை கொண்டுவந்தது. கிளினிக் சுவரில ஒட்ட நீங்கள் விடமாட்டியள், போனுக்குள்ள ஆர் மறிக்கிறது?

மிஸ் தன்ர குரலில ரெண்டு நிமிசம் வொயிஸ் போடட்டும், குரக்கன், உழுந்து, சாளை, முருங்கையிலை எண்டு எங்கட பேரச் சொல்லி. வீடியோ வேண்டாம், டேற்றாவ தின்னும். திரிபோஷா குடுக்கிற நாளையும் ஒரு பேப்பரில எழுதி சங்கக்கடை மதிலில ஒட்டிவிடுங்கோ. ஒட்டப் பசை இல்லையெண்டா சொல்லுங்கோ, மாப்பசை நான் காய்ச்சித் தாறன்.

இப்படிக்கு,
ஒரு அப்பம்மா