ஒத்திகையில் காயம்பட்டவர்களாகக் கிடந்த உங்களுக்கு நன்றி

அன்புள்ள தன்னார்வலர்களுக்கும், அவர்களைத் தயார்ப்படுத்திய எல்லோருக்கும்,

வணக்கம். பேருந்து விபத்து மீட்பு ஒத்திகை நல்லபடியாக முடிந்துவிட்டது. தீயணைப்பு, ஆம்புலன்ஸ், மருத்துவமனை அவசரப் பிரிவு எனக் கலந்துகொண்ட ஒவ்வொரு தரப்பும் தன் அறிக்கையை எழுதிக்கொண்டிருக்கிறது. அந்த அறிக்கைகளில் உங்கள் பெயர் இருக்காது. கழுத்தில் தொங்கிய அட்டையின் எண் மட்டும்தான் இருக்கும். அதனால்தான் தன்னார்வலர்களை ஒருங்கிணைத்தவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன்.

பொம்மையை வைத்துப் பயிற்சி செய்ய முடியாதா என்று உங்களில் சிலர் முதல் கூட்டத்திலேயே கேட்டீர்கள். செய்யலாம், செய்கிறார்கள். நெஞ்சை அழுத்திப் பழக, கட்டுப் போட்டுப் பழக பொம்மை போதும். ஆனால் பொம்மை மீட்பு வீரரின் சட்டையைப் பிடித்து இழுத்து "என் பையன் எங்கே?" என்று கேட்காது. வலிக்கிறது, அந்தப் பக்கம் தூக்காதீர்கள் என்று சொல்லாது. 1942இல், போர்க்காலப் பிரிட்டனில், மீட்புப் பயிற்சிக்குக் காயம்பட்டவர்களாக நடிக்கவென்றே 'கேஷுவல்டீஸ் யூனியன்' என்ற தன்னார்வ அமைப்பு உருவானது. அன்று அவர்கள் தொடங்கிய வேலையைத்தான் நீங்கள் செய்திருக்கிறீர்கள்.

முதல் நன்றி, உங்களுக்கு வகுப்பு எடுத்த முதலுதவிப் பயிற்சியாளர்களுக்கு. 1983இல் அமெரிக்காவின் நியூபோர்ட் பீச்சில் தீயணைப்புத் துறையும் ஹோக் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய, யாரை முதலில் கவனிப்பது என்று காயம்பட்டவர்களை நிறம் கொடுத்துப் பிரிக்கும் 'ஸ்டார்ட்' முறையை அவ்வளவு எளிமையாக விளக்கி நான் கேட்டதில்லை. நடக்க முடிந்தவருக்குப் பச்சை. மூச்சுப் பாதையைத் திறந்துவிட்ட பிறகும் மூச்சு வராதவருக்குக் கறுப்பு. மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினாலோ, மணிக்கட்டில் நாடி கிடைக்காவிட்டாலோ, சொன்னதைச் செய்ய முடியாவிட்டாலோ சிவப்பு. மீதி எல்லோரும் மஞ்சள். ஓர் ஆளுக்கு ஒரு நிமிடத்துக்குள் முடிவெடுத்துவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். இது தெரிந்த பிறகுதான், எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், எதற்கு வெறுமனே விழிக்க வேண்டும் என்பது உங்களுக்குப் பிடிபட்டது.

நாடியை யாராலும் நடிக்க முடியாது. அதனால் அது அட்டையில் எழுதியிருந்தது. மூச்சையும் தொடர்ந்து வேகமாக இழுத்தால் நிஜமாகவே தலைசுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். "வீரர் பக்கத்தில் வரும்போது மட்டும் வேகமாக மூச்சு விடுங்கள், மற்றபடி மூச்சின் எண்ணிக்கையை அட்டை சொல்லும்" என்று பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது உங்கள் உடல்நலத்துக்காகத்தான். நீங்களும் அதை அப்படியே கடைப்பிடித்தீர்கள்.

அப்புறம் ஒப்பனைக் குழு. விடியும் முன்பே வந்து, மெழுகைப் பிசைந்து, தோலோடு தோலாக ஒட்டி, நடுவில் கீறி, சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலந்து ஊற்றினார்கள். காயம் வரைவதைவிட அதைச் சுற்றியிருப்பதை வரைவதுதான் கடினம் என்பதை அன்று பார்த்தேன். நிறைய ரத்தம் போனவரின் முகம் வெளிற வேண்டும், உதடு லேசாக நீலம் பாய வேண்டும், நெற்றியில் குளிர்ந்த வியர்வை நிற்க வேண்டும். அந்த வியர்வைக்கு கிளிசரின் துளிகளை ஒவ்வொன்றாக வைத்தார்கள். முந்தின நாளே எல்லோருக்கும் கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, யாருக்கு அரிக்கிறது என்று பார்த்ததும் அவர்கள்தான். நிஜ விபத்தில் அடிபட்டு மீண்ட ஒருவர் ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்ததும் கைகள் நடுங்கத் தொடங்கின. குழுவினர் உடனே தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கு இது வேண்டாம், பதிவேட்டு மேசைக்கு ஆள் தேவை" என்று எழுப்பி அழைத்துப்போனார்கள். அந்த ஒரு காரியத்துக்காகவே அவர்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

அலறியவர்களையும் அழுதவர்களையும் எல்லோரும் பாராட்டிவிட்டார்கள். நான் குறிப்பாகச் சொல்ல விரும்புவது, எதுவும் செய்யாமல் கிடந்தவர்களைப் பற்றி. மஞ்சள் அட்டைக்காரர்கள் வெயிலில் நெடுநேரம் காத்திருந்தீர்கள். ஆம்புலன்ஸ்கள் உங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன. நிஜத்திலும் அப்படித்தான் நடக்கும் என்பதால் யாரும் எழுந்து வந்து கேட்கவில்லை. இருக்கைக்கு அடியில் மயங்கிக் கிடக்கும் வேடம் ஏற்ற மாணவர் கடைசிவரை ஒரு சத்தமும் போடவில்லை. வீரர்கள் சத்தம் வந்த பக்கமே முதலில் ஓடினார்கள். பிறகு அவர்களின் தலைவர் கையை உயர்த்தி எல்லோரையும் அமைதியாக்கி, ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து பார்க்கச் சொன்ன பிறகுதான் அவர் கிடைத்தார். அவசரத் தேவை யாருக்கோ அவர்தான் வாயைத் திறக்க முடியாதவராக இருப்பார் என்பதை எந்த வகுப்பும் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருக்காது.

கறுப்பு அட்டை வாங்கிய அம்மாவுக்கும் நன்றி. இறந்தவராகக் கிடக்க ஆள் வேண்டும் என்றதும் மண்டபமே தயங்கியபோது, "சரி, நான் கிடக்கிறேன்" என்று கையைத் தூக்கியவர் நீங்கள். ஓர் இளம் வீரர் உங்கள் தாடையை நிமிர்த்தி, அட்டையைப் படித்துவிட்டு, கறுப்பு டேக்கைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகுதான் கட்டிவிட்டு எழுந்து போனார். அந்தத் தயக்கத்தை முதன்முதலாக ஒத்திகையில் சந்திப்பது எவ்வளவோ நல்லது.

காது கேளாத தோழிக்கும், அவருடன் வந்த சைகை மொழிபெயர்ப்பாளருக்கும் தனி நன்றி. ஒலிபெருக்கியில் "நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் வாருங்கள்" என்று அறிவித்ததும் லேசான காயம்பட்டவர்கள் நகர்ந்துவிட்டார்கள். அவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். நடக்க முடியாதவர் என்று நினைத்து வீரர் அவரைத் தூக்கப் போனார். இனி அறிவிப்போடு கையசைத்தும் கூப்பிட வேண்டும் என்று ஒத்திகைக்குப் பிந்தைய கூட்டத்திலேயே முடிவானது. அவர் வந்திராவிட்டால் இது யாருக்கும் தோன்றியிருக்காது.

புகை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு மூச்சுத்திணறல் வந்தது உங்களுக்குத் தெரியும். "நிஜம், நிஜம், நிஜம்" என்று மூன்று முறை சொன்னால் எல்லாம் நிற்கும் என்று பேசி வைத்திருந்தோம். அவர் சொன்னார், பாதுகாப்பு அதிகாரியின் விசில் உடனே ஒலித்தது, இயந்திரம் நின்றது, இன்ஹேலர் கைக்கு வந்தது. ஒத்திகையைக் கெடுத்துவிட்டேனே என்று பிறகு வருந்தினாராம். வருந்தவே வேண்டாம். அந்தச் சொல்லைக் கூச்சப்படாமல் சொன்னதால் நம் ஏற்பாடு வேலை செய்கிறது என்று எல்லோரும் கண்ணால் கண்டோம். அடுத்த முறை வரும் புதியவர்களுக்குத் தயங்காமல் சொல்லும் துணிச்சலும் வரும்.

எல்லாம் முடிந்ததும் நீங்கள் எழுதிக்கொடுத்த தாள்களை ஒன்றுவிடாமல் படித்தேன். பல தாள்களில் ஒரே விஷயம். கழுத்தை அசைக்காமல் பலகையில் கட்டிவிட்டார்கள். வானம் மட்டும் தெரிந்தது. தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள். எங்கே தூக்கிப்போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஒருவர் எழுதியிருந்தார்: "ஒரு வீரர் மட்டும் குனிந்து என் பெயரைக் கேட்டார். இப்போது உங்களைத் தூக்கப்போகிறோம், கொஞ்சம் ஆடும், பயப்படாதீர்கள் என்றார். அவர் போன பிறகும் எனக்குப் பயமில்லை." குழுத்தலைவர் இதைத் தன் ஆட்கள் முன்னால் உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் அந்தத் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். நடிக்க வந்த நீங்கள் அவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனது இதுதான். நிஜ விபத்தில் சிக்கியவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து இப்படி எழுதி அனுப்ப மாட்டார்.

வெட்டிக் கிழிக்கப் பழைய துணி கொடுத்தவர்கள், போர்வையும் தண்ணீரும் சுமந்து அலைந்தவர்கள், அக்கம்பக்கத்தில் வீடு வீடாகப் போய் இது ஒத்திகைதான் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தவர்கள், அனைவருக்கும் நன்றி. பதிவேட்டு மேசையில் இருந்தவர்கள் கடைசி அட்டை திரும்பி வரும்வரை ஒருவரையும் கிளம்ப விடவில்லை. உள்ளே போன எண்ணிக்கையும் வெளியே வந்த எண்ணிக்கையும் சரியாக இருந்தது.

இரண்டு வேண்டுகோள். படங்களில் மற்றவர் முகம் இருந்தால் அவரைக் கேட்காமல் யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஒப்பனை என்று தெரியாமல் பார்ப்பவர் பதறிப்போவார். இன்னொன்று, அன்று பார்த்தது மனத்தை உறுத்துகிறது, தூக்கம் கெடுகிறது என்றால் தாமதிக்காமல் என்னிடமோ பயிற்சியாளர்களிடமோ சொல்லுங்கள். பேசுவதற்கு மனநல ஆலோசகர் ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறோம். பல நாள் கழித்துத் தோன்றினாலும் வரலாம்.

அடுத்த ஒத்திகைக்கான தேதி முடிவானதும் முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளர்