உத்தி உருவாக்கும் மென்பொருள்களின் தானியங்கி வரம்புப் பொத்தான்: அதை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மென்பொருள் உருவாக்குநர்களே,

வணக்கம். பழைய விலைத் தரவைக் கொடுத்தால் வாங்கும், விற்கும் விதிகளைத் தாமே புனைந்து பேக்டெஸ்ட் செய்து (பழைய தரவில் ஓட்டிச் சோதித்து) தரும் மென்பொருள்களை நீங்கள் எழுதுகிறீர்கள். அவற்றில் ஒன்றை இந்தியப் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டியின் தினசரித் தரவில் ஓட்டிப் பார்ப்பவன் நான். ஒவ்வோர் இண்டிகேட்டருக்கும் (விலையிலிருந்து கணக்கிடும் குறிகாட்டிக்கும்) குறைந்தபட்சம், அதிகபட்சம், இரு மதிப்புகளுக்கு இடையிலான இடைப்படி ஆகியவற்றைக் கையால் நிரப்பும் வேலையிலிருந்து தானியங்கி வரம்புப் பொத்தானால் எங்களை விடுவித்ததற்கு முதலில் நன்றி. 0-க்கும் 100-க்கும் இடையே அடங்கிவிடும் ஆர்எஸ்ஐ என்ற இண்டிகேட்டருக்கு இந்த வசதி பெரிதாகத் தேவைப்படாது. எல்லையே இல்லாத எம்ஏசிடி, சிசிஐ போன்ற இண்டிகேட்டர்களுக்கு இது இல்லாமல் காலம் தள்ள முடியாது. ஆனால் அந்தப் பொத்தான் எந்த ஆண்டுகளைப் பார்த்து வரம்பை முடிவு செய்கிறது என்பதில்தான் எனக்குக் குறை இருக்கிறது.

2010 முதல் 2024 வரையிலான தரவில் 2019 இறுதி வரையிலானதை விதிகளைப் புனையும் பயிற்சிக்கும், மீதியை அவ்விதிகளைச் சரிபார்க்கும் சோதனைக்கும் ஒதுக்கியிருந்தேன். ஒரு நாள் விலை மாற்றத்துக்கு வரம்பு காணச் சொன்னபோது, கீழ் எல்லை -12.98 சதவீதம் என்று வந்தது. பயிற்சிக் காலத்தில் அப்படியொரு நாளே கிடையாது; அந்தப் பத்தாண்டில் நிஃப்டி மிக மோசமாக விழுந்த 2015 ஆகஸ்ட் 24 அன்றுகூடச் சரிவு 5.92 சதவீதம்தான். 12.98 என்பது கொரோனா அச்சத்தில் சந்தை நொறுங்கிய 2020 மார்ச் 23-ஆம் தேதியின் எண். சோதனைக்கென்று நான் பூட்டி வைத்த ஆண்டுகளை மென்பொருள் எனக்குத் தெரியாமலே திறந்து படித்திருக்கிறது.

ஓர் எல்லைதானே கசிந்தது என்று நீங்கள் கேட்கலாம். ‘அல்லது ஒரே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் வாங்கு’ என்றொரு கிளை விதியைக் கருவி புனைவதாக வைத்துக்கொள்வோம். பயிற்சிக் காலத்தில் அது ஒருமுறைகூடச் செயல்படாது. ஆகவே நட்டமும் காட்டாது, யார் கண்ணிலும் படாமல் தங்கிவிடும். சோதனைக் காலத்திலோ ஒரே ஒருமுறை, நிஃப்டி 7,610 புள்ளிகளில் முடிந்து அந்த வீழ்ச்சியின் அடியைத் தொட்ட அதே நாளில், வாங்கச் சொல்லும். லாப வரைபடம் அழகாக ஏறும், நாமும் ஏமாறுவோம்.

இடைப்படியும் இதே எண்ணால் கெடுகிறது. மேல் எல்லை 2020 ஏப்ரல் 7-இன் 8.76, இரண்டுக்கும் இடையே 20 படிகள் போட்டால் ஒவ்வொன்றும் ஒரு சதவீதத்தைத் தாண்டும். பெரும்பாலான நாள்களில் நிஃப்டி ஒரு சதவீதத்துக்குள்ளேயே ஏறி இறங்குகிறது என்பதால், உண்மையான வேறுபாடுகள் எல்லாம் இரண்டு மூன்று படிகளுக்குள் நசுங்கிவிட, மீதிப் படிகள் காலியாகவே கிடக்கின்றன.

ஒரு நாளின் சராசரி விலை அசைவைப் புள்ளிகளில் அளக்கும் ஏடிஆர் என்ற இண்டிகேட்டரின் விஷயம் வேறு. 2010-இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 5,200 புள்ளிகளில் இருந்த நிஃப்டி 2024 முடிவில் 23,000-ஐத் தாண்டி நிற்கிறது. அன்று பெரும் கொந்தளிப்பாகத் தெரிந்த புள்ளிக் கணக்கு இன்று சாதாரண நாளின் அசைவு. புள்ளிகளில் எந்த வரம்பை வகுத்தாலும் அது ஒரு காலத்துக்குப் பொருந்தி இன்னொன்றுக்குப் பொருந்தாது. விலையால் வகுத்துச் சதவீதமாக்கிய பிறகே வரம்பு காண்பது முறை. சிசிஐயை வகுத்த டொனால்ட் லாம்பர்ட், பெரும்பாலான மதிப்புகள் -100-க்கும் +100-க்கும் இடையே விழவேண்டும் என்றுதான் 0.015 என்ற மாறிலியைச் சூத்திரத்துக்குள்ளேயே வைத்தார். அளவை முன்கூட்டியே யோசித்த அந்தக் கவனம் எனக்கு இன்றும் பிடிக்கிறது.

எனவே, வரம்பைப் பயிற்சிக் காலத் தரவிலிருந்து மட்டுமே கணக்கிடுங்கள். உச்ச எண்களை அப்படியே எடுக்காமல், இரு முனைகளிலும் நூற்றில் ஒரு பங்கு மதிப்புகளை விலக்கிவிட்டு எல்லை வையுங்கள். கண்டறிந்த எண்களையும் அவை எந்தத் தேதிகளிலிருந்து வந்தன என்பதையும் திரையில் காட்டி, நாங்கள் திருத்தவும் பூட்டவும் வழிவிடுங்கள். இவற்றில் முதலாவதை மட்டுமாவது அடுத்த பதிப்பிலேயே செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருளின் பயனர் ஒருவர்