என்னை நிறுத்தியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி முடிந்ததும், நான் ஓட்டும் குதிரை கரிச்சானின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நான் அழுததை, இல்லை, சிரித்ததை (இரண்டுமேதான்) யாரோ படம் எடுத்துப் பரப்பிவிட்டார்கள். வாழ்த்தியவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் போட ஆரம்பித்துப் பாதியில் கை ஓய்ந்துவிட்டது. தவிர, அந்தப் படத்தில் இருக்க வேண்டிய பாதிப் பேரைக் காணோமே என்பதும் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இந்த ஒரே மடல்.

ஈவென்டிங் என்ற குதிரையேற்றப் போட்டியில் கிடைத்தது ஆறாம் இடம். டிரெஸ்ஸாஜில் 33.6, கிராஸ் கன்ட்ரியில் எட்டு நொடி தாமதத்துக்கு 3.2, ஷோ ஜம்பிங்கில் ஒரு கட்டை விழுந்ததற்கு 4. ஆக மொத்தம் 40.8. "நூத்துக்கு நாப்பதுதானா?" என்று கேட்ட சித்தப்பாவுக்கு: ஈவென்டிங்கில் இவை தண்டப் புள்ளிகள், எண் குறையக் குறையத்தான் நல்லது. போன வருடம் நான் 70ஐத் தாண்டியபோது எல்லாருக்கும் போன் போட்டுப் பெருமை பேசினீர்களே, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மனசு வரவில்லை.

இது ரேஸும் இல்லை. ஒரே குதிரை, ஒரே ஆள், மூன்று சோதனை. முதலில் டிரெஸ்ஸாஜ்: 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள களத்தில், மூச்சு விடுவதுகூடத் தெரியாத அடக்கத்தோடு சொன்ன நடையெல்லாம் நடந்து காட்ட வேண்டும். அடுத்து கிராஸ் கன்ட்ரி: மேடு, பள்ளம், குளம் என்று வெட்டவெளியில் அசையாத தடைகளைத் தாண்டி ஓட வேண்டும். கடைசியில் ஷோ ஜம்பிங்: களைத்த காலோடு, தொட்டாலே விழுகிற கட்டைகளைத் தொடாமல் தாண்ட வேண்டும். ராணுவக் குதிரைகளைச் சோதிக்க வந்த ஏற்பாடு இது. 1912இல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அணிவகுப்பில் அடங்கி நிற்கிற குதிரை களத்திலும் பாய வேண்டும், மறுநாளும் வேலைக்கு ஆக வேண்டும் என்பதுதான் கணக்கு. அந்த "மறுநாளும்" என்ற சொல்லுக்கு அர்த்தம் புரிய எனக்குப் பதினான்கு மாதம் பிடித்தது.

இந்தப் பதினான்கு மாதத்தில் யார் யார் என்னை ஓடவைத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தால், நினைவுக்கு வருகிறவர்கள் எல்லாம் என்னை நிறுத்தியவர்களாகவே இருக்கிறார்கள்.

முதலில் நிறுத்தியவன் கரிச்சானேதான். ஒரு படி மேலே ஏறி, 1.10 மீட்டர் தடைகளுக்குப் போன முதல் போட்டி. ஏழாவது தடையில் ஒரு மரத்துண்டைத் தாண்டி நேராகத் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். விளிம்பில் நாலு காலையும் ஊன்றிவிட்டான். 20 புள்ளி. சுற்றிக் கொண்டுவந்தேன். மறுபடி ஊன்றினான், இன்னும் 40. மூன்றாவது முறையும் நின்றான். விசில் ஊதி வெளியே அனுப்பிவிட்டார்கள். "சண்டிக்குதிரை" என்று அன்று லாரிப் பக்கம் நான் கத்தியதைக் கேட்டவர்கள் மன்னிக்கவும். கரிச்சானிடம் ஏற்கெனவே கேட்டாயிற்று.

என் பயிற்சியாளர் சார் அன்று திட்டவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அதே இடத்துக்கு என்னை நடத்திக் கூட்டிப்போனார். வெயிலிலிருந்து மரநிழலுக்குள் நடக்கச் சொல்லி, "தண்ணி எந்த அடியில தெரியுது, சொல்லு" என்றார். சொன்னேன். "வெளிச்சத்துலேர்ந்து இருட்டுக்குள்ள வந்தா குதிரைக் கண்ணு பழகுறதுக்கு நம்ம கண்ணைவிட நேரமாகும். மூக்குக்குக் கீழ இருக்கிறது அவனுக்குத் தெரியவே தெரியாது. ஆழம் எவ்வளவுன்னு அவனுக்கு யார் சொல்றது? நீதான். நீ என்ன பண்ணே? குனிஞ்சு தண்ணியப் பார்த்தே. உன் பாரம் பூரா அவன் தோள்ல போய் உக்காந்துடுச்சு. 'நிக்கட்டுமா'ன்னு அவன் கேட்டான், 'நில்லு'ன்னு நீ சொன்னே. சொன்னதைக் கேட்ட குதிரையப் போய்த் திட்டுறியே."

அதன்பின் மூன்று வாரம் ஒரு தடையும் கிடையாது. தினமும் தண்ணீருக்குள் நடந்து இறங்கு, நடந்து ஏறு, கண்ணை எதிர்க்கரையில் வை. என் வயசுப் பிள்ளைகள் பக்கத்தில் தாண்டிக்கொண்டிருக்க, நான் எருமை குளிப்பாட்டுகிறவள் மாதிரி முழங்கால் தண்ணீரில் போய் வந்துகொண்டிருந்தேன். உள்ளுக்குள் எவ்வளவு பொருமினேன் என்று சாருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்ததற்கும் சேர்த்து நன்றி, சார்.

அடுத்தது விழுந்த கதை. அதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

முந்தின இரவு மழை. கால் வழுக்காமல் இருக்க லாடத்தில் திருகுகிற ஸ்டட் என்ற குமிழைப் பெரிய அளவில் போடச் சொல்லி லாயத்து மாமா இரண்டு தடவை சொன்னார். எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, "சின்னதே போதும் மாமா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். பதினான்காவது தடை, முக்கோணமாக விரிகிற கார்னர். அதற்கு முந்தின வளைவில் கரிச்சானின் பின்கால் வழுக்கியது. அங்கேயே வேகத்தைக் குறைத்துச் சுற்றிவந்திருக்கலாம். நான் உந்தினேன். அவன் எப்படியோ தன்னைக் காப்பாற்றிக்கொண்டு தாண்டிவிட்டான், நான்தான் அவன்மேல் இல்லை. சேணத்தோடு கோத்திருந்த கயிறு இழுபட்டு, என் அங்கியின் காற்றுப்பை டப்பென்று ஊதிக் கழுத்துவரை இறுகியது வரை நினைவிருக்கிறது.

அடுத்து நினைவிருப்பது ஒரு கை. என் தோளில் அழுத்திக்கொண்டிருந்த கை. நான் எழுந்து கடிவாளத்தைத் தேடிக்கொண்டிருந்தேனாம். "உக்காரும்மா. குதிரையப் பிடிச்சாச்சு, அது நல்லாத்தான் நிக்குது. பேரு என்ன உனக்கு? இன்னிக்கு என்ன கிழமை?" சனிக்கிழமை என்பதற்கு வியாழன் என்று, ரொம்ப உறுதியாகச் சொன்னேனாம். விடுங்கள், நான் ஏற வேண்டும் என்று கெஞ்சினேன், பிறகு அதட்டினேன். கைக்குச் சொந்தக்காரரான அந்தத் தடையின் நடுவர் அம்மா கையை எடுக்கவே இல்லை. மருத்துவர் வரும்வரை பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு நடுங்க ஆரம்பித்ததும் தன் நீல மழைக்கோட்டைக் கழற்றி என் காலில் போர்த்திவிட்டு, தூறலில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஓட்டுபவர் கிராஸ் கன்ட்ரியில் விழுந்தால் அத்தோடு போட்டி முடிந்தது. மருத்துவர் பார்க்காமல் நகரவும் கூடாது. இந்த விதியை நான் மதித்ததே இல்லை. நான் கேட்டு வளர்ந்த கதைகள் வேறு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் வாங்கன்ஹைம் காறையெலும்பு முறிந்த பிறகும் ஏறி முடித்தார், அணிக்குத் தங்கம். 1960 ரோமில் ஆஸ்திரேலியாவின் பில் ராய்கிராஃப்ட் தோளில் பலத்த அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தவர் எழுந்து வந்து ஷோ ஜம்பிங் செய்தார், அந்த அணிக்கும் தங்கம். இதையெல்லாம் வீரம் என்று டைரியில் எழுதிவைத்த பெண் நான். கிழமை தெரியாத ஒருத்தி, கால் வழுக்கிய குதிரைமேல் ஏறி இன்னும் பத்துத் தடைக்கு அதை ஓட்டிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க எனக்கு ஒரு மாதப் படுக்கை ஓய்வு கிடைத்தது. டைரியில் அந்தப் பக்கங்களைக் கிழிக்கவில்லை. திருப்பித் திருப்பிப் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

அம்மா கிராஸ் கன்ட்ரி பார்ப்பதில்லை. லாரிக்குப் பின்னால், திடலுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு ஒலிபெருக்கியை மட்டும் கேட்பாள். அன்று ஒலிபெருக்கி பதினான்காவது தடையில் நின்றுபோனதிலிருந்து எனக்கு ஒன்றும் இல்லை என்று ஆள் வந்து சொல்லும்வரை அவள் எப்படி இருந்தாள் என்று அப்பா இதுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுபடி ஏறலாம் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த அன்று, என் தொப்பியை முதலில் எடுத்துப் பார்த்தவள் அவள்தான். அடிபட்ட தொப்பியைத் திரும்பப் போடக்கூடாது என்று எங்கோ படித்திருக்கிறாள். புதுசு வாங்கியாகிவிட்டது. அப்பாவுக்கு ஸ்டாப்வாட்ச் பொறுப்பு. பாதி நாள் அழுத்த மறந்துவிடுவார்.

நடுவில் ஒரு போட்டியில் கரிச்சானின் கால் பட்டுத் தடையின் பாதுகாப்புப் பின் கழன்று விழுந்து 11 புள்ளி. குதிரை கவிழ்ந்துவிடாமல் இருக்கத்தான் அந்தப் பின்னே இருக்கிறது. கோபப்பட எனக்கு நியாயமே இல்லை. ஆனாலும் இரவெல்லாம் அழுதேன். கரிச்சானின் சொந்தக்கார ஆன்ட்டி காலையில் ஒரு செய்தி அனுப்பினார்: டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் மைக்கேல் யுங்குக்கும் இதே 11தான், எட்டாம் இடத்துக்குப் போனார், 2024இல் பாரிஸில் சிப்மங்க் என்ற அதே குதிரைமேல் ஏறித் தங்கம் வாங்கினார். கீழே, "ஆனா நீ யுங் இல்ல, குதிகாலை இறக்கு" என்று இன்னொரு வரி. ஆன்ட்டி, கரிச்சானை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லி உங்களிடம் இரண்டு முறை பேசினார்கள் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லித் தெரியவில்லை. அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாததால் குதிகாலை இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

இனி, சொல்லக் கூச்சமாக இருக்கிற இடம்.

ஞாயிறுக்கு முந்தைய போட்டி அது. டிரெஸ்ஸாஜ் முடிந்து, கிராஸ் கன்ட்ரியும் பழுதில்லாமல் முடிந்து நாலாம் இடத்தில் இருந்தேன். மறுநாள் காலை கால்நடை மருத்துவர் முன்னால் குதிரையை நடத்தி, ஓட்டிக் காட்ட வேண்டும். அதில் தேறினால்தான் ஷோ ஜம்பிங். இரவு எட்டு மணிக்கு மாமா வந்து வாசலில் நின்றார். "பாப்பா, பையன் தொட்டியில மிச்சம் வெச்சிருக்கான்."

தட்டைக் கழுவிவைத்த மாதிரி தொட்டியை நக்கி முடிக்கிறவன் கரிச்சான். போய்ப் பார்த்தால் இடது முன்காலின் பாரத்தை லேசாக மாற்றி மாற்றி நிற்கிறான். வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. டாக்டர் அக்கா மண்டியிட்டு, கணுவுக்குப் பின்பக்கம் இரண்டு விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வேண்டாம்" என்றார். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "ராத்திரி பூரா ஐஸ் வெச்சா காலைல தெரியாதில்லக்கா?" அக்கா ஒன்றும் சொல்லவில்லை. என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். நல்ல காலில் அந்த நாடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அன்று அது என் விரலை முட்டித் தள்ளியது. அடுத்த காலில் வைத்துப் பார்த்தேன், அநேகமாக ஒன்றுமே இல்லை. மறுபடி இடது காலில் வைத்தேன். போட்டியிலிருந்து விலகும் தாளில் நானே கையெழுத்துப் போட்டேன்.

பத்தரைக்கு லாடம் அடிக்கும் அண்ணா நெற்றியில் விளக்கோடு வந்தார். லாடத்தைக் கழற்றி, குறடு போன்ற ஒன்றால் குளம்பை விளிம்பு விளிம்பாக அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கரிச்சான் காலை வெடுக்கென்று இழுத்தான். அங்கே வளைந்த கத்தியால் மெல்ல மெல்லச் சீவ, கடுகளவு கரும்புள்ளி. இன்னும் ஒரு சீவல். சாம்பல் நிறத்தில் சீழ் சொட்டியது. நாற்றம் குடலைப் புரட்டியது. கரிச்சான் பெருமூச்சு விட்டு, தலையை அப்படியே என் கையில் இறக்கினான். அத்தனை கனமாக அவன் தலையை நான் தாங்கியதே இல்லை. மருந்து வைத்து, அதன்மேல் கைக்குழந்தைக்குக் கட்டுகிற டயப்பரைச் சுற்றி, வெள்ளி டேப் ஒட்டினோம். லாயங்களில் இது சகஜம்தான். குளம்புக்கு அதைவிடக் கச்சிதமாகப் பொருந்துவது எதுவும் இல்லை.

அந்தக் காலோடு அவன் மறுநாள் தாண்டியிருப்பான். நான் சொன்னால் செய்கிறவன். அதுதான் என்னை இன்னமும் தூங்கவிடுவதில்லை. மாமா, அந்த மிச்சத் தீனியைக் கவனித்ததற்கு என் ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் ஸ்டட் அளவை நீங்கள்தான் சொல்கிறீர்கள், நான் வாயைத் திறப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தண்ணீர்த் தடைக்கு முன் கரிச்சான் காதை முன்னால் நீட்டி ஒரு கேள்வி கேட்டான், நான் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இறங்கிவிட்டான். எட்டு நொடித் தாமதம் வளைவுகளில் நானே விட்டது. விழுந்த அந்த ஒரு கட்டையும் என் கணக்குத்தான், அவசரப்பட்டு முன்னால் சாய்ந்தேன். சார் அன்றைக்கே சொல்லிவிட்டார், இங்கே எழுதாவிட்டால் நாளைக்கும் சொல்வார். கரிச்சானுக்கு இப்போது ஓய்வு. வியாழக்கிழமை புது லாடம்.

கடைசியாகப் பதினான்காவது தடை நடுவர் அம்மாவுக்கு. உங்கள் பெயரைக் கேட்கும் நிலையில் நான் அன்று இல்லை. காலையிலிருந்து மாலைவரை விசிலும் தாளுமாகச் சம்பளம் இல்லாமல் நிற்கிற தன்னார்வலர்களில் ஒருவர் நீங்கள் என்பது மட்டும் தெரியும். உங்கள் நீல மழைக்கோட்டு எங்கள் லாரியிலேயே வந்துவிட்டது. துவைத்து மடித்துவைத்திருக்கிறேன். பையில் ஒரு பென்சிலும், நனைந்து காய்ந்த மதிப்பெண் தாளும் இருந்தன. என் எண்ணுக்கு நேரே நீங்கள் கோடு போட்டு அடித்திருப்பது இன்னும் தெரிகிறது. ஒவ்வொரு போட்டிக்கும் கோட்டை எடுத்துக்கொண்டுதான் வருகிறேன். என்னை அடையாளம் தெரியாவிட்டாலும் கரிச்சானைத் தெரியும், கறுப்பு, நெற்றியில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு வெள்ளை. லாரிப் பக்கம் வந்து கேளுங்கள்.