அழாத பிள்ளைக்கும் பால்

அன்புள்ள செல்வி,

இங்கு அனைவரும் நலம். மதிக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டதா? உன் அத்தைக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று கயல் சொன்னாள். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

ஐந்து வாரங்களுக்கு முன் நீ தொலைபேசியில் அழைத்து, "பச்சைப் பிள்ளை தூங்கினால் பாலுக்காக எழுப்ப வேண்டுமா, கூடாதா? அத்தை எழுப்பவே கூடாது என்கிறார், மதி எழுப்ப வேண்டும் என்கிறாள், நீ இப்போதுதானே பேத்தி எடுத்திருக்கிறாய், நீயே சொல்" என்று கேட்டாய். நான் "பிறகு பேசுகிறேன்" என்று வைத்துவிட்டேன். அதற்கு நீ கோபித்துக்கொண்டாயாம். கோபம் நியாயம்தான். ஆனால் நீ அழைத்த அந்த நேரத்தில் நான் மதுரையில் ஒரு மருத்துவமனையின் நடைக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அப்பால், பிறந்து நான்கே நாளான என் பேத்தி, கண்களை மறைத்த பட்டையோடு, மஞ்சள் காமாலைக்காக வைக்கும் நீல விளக்கின் கீழ்க் கிடந்தாள். நீ கேட்ட அதே கேள்விக்கு நான் என் மகள் கயலிடம் தவறான விடையைச் சொல்லியிருந்தேன் என்பது அதற்குச் சற்று முன்புதான் எனக்குத் தெரியவந்திருந்தது. அந்த நிலையில் உனக்குச் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. இப்போது இருக்கிறது, மதியின் பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரமே இருப்பதால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

கயலுக்கு 36 வாரத்திலேயே வலி வந்துவிட்டது உனக்குத் தெரியும். குழந்தை 2,380 கிராம். 37 வாரம் நிறையாமல் பிறந்தால் குறைமாதம், 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடை குறைவு, இவள் இரண்டும்தான். ஆனால் பார்ப்பதற்கு முழுக் குழந்தைபோல் இருந்தாள், பிறந்ததும் நன்றாக அழுதாள், சீம்பாலும் குடித்தாள். ஆகவே இரண்டாம் நாள் மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது தடுப்பூசி அட்டையையும் சத்து மாத்திரைகளையும் கொடுத்தார்கள். இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுத்தே ஆக வேண்டும், தூங்கினாலும் எழுப்புங்கள் என்ற ஒரு வரியை மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகியிருக்காது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் இரவு அவள் ஐந்தரை மணி நேரம் தொடர்ந்து தூங்கினாள். கயல் இரண்டு முறை, "அம்மா, எழுப்பட்டுமா?" என்று கேட்டாள். நான் "தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே, பசித்தால் தானே அழும்" என்றேன். என் அம்மா எனக்குச் சொன்னது அது. உன் அத்தை இன்று சொல்வதும் அதுதான். மறுநாளும் அப்படியே போனது. வந்து பார்த்தவர்கள் எல்லாம், "எவ்வளவு சமர்த்து, தொந்தரவே இல்லை" என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

இதில் என்னை இன்றுவரை உறங்கவிடாத ஒன்றைச் சொல்கிறேன். தொட்டிலில் போடுவதற்குப் பதினாறாம் நாள் ஆக வேண்டும் என்பதால் அதுவரை நீட்டிய என் கால்கள்தாம் அவளுக்குத் தொட்டில். தூக்கத்தில் அவள் அவ்வப்போது நெளிவாள், உதடுகளைச் சப்புவாள், கையை வாய்ப்பக்கம் கொண்டுபோவாள், தலையை இப்படியும் அப்படியும் திருப்புவாள். தூக்கம் கலைகிறது என்று நினைத்து நான் ஒவ்வொரு முறையும் தட்டிக்கொடுத்து, காலை ஆட்டித் திரும்பவும் தூங்க வைத்தேன். பசியின் முதல் அடையாளங்களே அவைதாம் என்றும், அழுகை என்பது பசி முற்றிய பிறகு கடைசியாக வருவது என்றும் மருத்துவர் பின்னர் சொன்னார். அப்படியானால் அந்த இரண்டு நாளும் அவள் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள், செல்வி. நான்தான் கேட்கவிடாமல் தூங்க வைத்தேன்.

நான்காம் நாள் காலை கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. அடுத்த வீட்டுக்காரர்கள் இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்றதை நம்பி அதில் அரை நாள் போயிற்று. மதியம் துணி மாற்றும்போது, அதில் சிறுநீரோடு செங்கல் நிறத்தில் ஒரு கறையைப் பார்த்துக் கயல் பயந்துவிட்டாள். அதற்கு முன் எட்டு மணி நேரமாகத் துணி நனையவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஓடினோம். எடை 2,120 கிராம். கணக்கு வாத்தியார் என்று நீங்களெல்லாம் அழைத்த எனக்கு அந்தக் கழித்தல் கணக்கை அங்கே நின்று போட முடியவில்லை. 260 கிராம், பிறந்த எடையில் பத்து விழுக்காட்டுக்கும் மேல். பிறந்த குழந்தை முதல் சில நாளில் எடை குறைவது இயல்பே, ஆனால் பத்து விழுக்காட்டை நெருங்கினாலே பால் போதவில்லையோ என்று பார்க்க வேண்டுமாம். இரத்தத்தில் மஞ்சள் அளவு 18; உடனே நீல விளக்கின் கீழ் வைத்துவிட்டார்கள்.

அந்த மருத்துவர் ஒரு தாளில் வட்டம் வரைந்து விளக்கியதை அப்படியே உனக்கு எழுதுகிறேன், ஏனெனில் எனக்கு எல்லாம் புரிந்தது அதில்தான். மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் மலத்தோடு வெளியேற வேண்டும். பால் குறைந்தால் மலம் குறையும். குடலில் தங்கிய பிலிருபின் மீண்டும் இரத்தத்துக்கே திரும்பும். அது கூடக் கூடக் குழந்தை மேலும் சோர்ந்து தூங்கும், தூங்கத் தூங்க மேலும் பால் குறையும். குறைமாதக் குழந்தைக்கு உறிஞ்சும் வலுவும் குறைவு, உடம்பில் கொழுப்பும் சர்க்கரைச் சேமிப்பும் குறைவு என்பதால் இந்த வட்டத்துக்குள் விரைவில் விழுந்துவிடும். "இது நிம்மதியான தூக்கம் இல்லையம்மா, பசி மயக்கம்" என்றார் அவர். அமைதியான குழந்தை என்று நான் பெருமைப்பட்டது இதைத்தான்.

உள்ளே செவிலியர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பினார்கள். முதல் நாள் அவளால் சப்பிக் குடிக்கவே முடியவில்லை. கயல் பாலைப் பீய்ச்சிக் கொடுக்க, அவர்கள் பாலாடையால் சிறிது சிறிதாகப் புகட்டினார்கள். நம் வீடுகளில் சங்கு என்று வைத்திருப்போமே, அதே போன்றதுதான், எஃகில். ஒன்றரை நாளில் விளக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். பதினைந்தாம் நாள் எடை 2,400. அன்று கயல் அந்தத் தராசைப் பார்த்து அழுத அழுகை இருக்கிறதே, அதை நேரில்தான் சொல்ல வேண்டும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். எழுப்ப வேண்டும், எப்போதுமன்று. மதியின் குழந்தை நிறைமாதத்தில் நல்ல எடையோடு பிறந்தாலும், பிறந்த எடையை மறுபடி எட்டும்வரை, அதாவது பெரும்பாலும் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம்வரை, பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேலும் இரவில் நான்கு மணி நேரத்துக்கு மேலும் பால் இல்லாமல் விடாதே. 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை குடிக்க வேண்டும். குறைமாதம், எடை குறைவு, மஞ்சள் என்று ஏதாவது இருந்தால் இடைவெளி இன்னும் குறையும். அதை மருத்துவரிடம் கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். எடை திரும்பி, ஏறவும் தொடங்கி, மருத்துவரும் சரி என்ற பிறகு, உன் அத்தை சொல்வது முழு உண்மையாகிவிடுகிறது: அப்போது தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டியதில்லை, அது தானே எழுந்து கேட்கும். அத்தையிடம் நீ மறுத்துப் பேச வேண்டாம். "நீங்கள் சொல்வதை இரண்டு வாரம் கழித்து அப்படியே செய்கிறோம், அத்தை" என்று சொல். அவர் பிள்ளை பெற்ற காலத்தில் குழந்தை இரவெல்லாம் தாயின் விலாவோடு ஒட்டிக் கிடந்து, அரைத் தூக்கத்திலேயே எத்தனை முறை குடித்தது என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். நாம் இறுகச் சுற்றித் தனியே கிடத்திவிட்டு அதே சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

எழுப்புவதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. இமைக்குள் விழி அசைகிறபோது, முகம் சுருங்குகிறபோது எழுப்பினால் எளிதில் எழும். கை தளர்ந்து ஆழ்ந்து தூங்கினால் சிறிது பொறுத்துப் பார்க்கலாம். சுற்றிய துணியைப் பிரித்து, கீழ்த்துணியை மாற்றி, வெறும் மார்போடு மார்பாகத் தாய் அணைத்துக்கொண்டாலே பாதி விழிப்பு வந்துவிடும். முதுகை நீவு, உள்ளங்காலைத் தடவு, பேசு. பளிச்சென்ற விளக்கைப் போடாதே, கூசிக் கண்ணை மூடிக்கொள்ளும். முகத்தில் குளிர்ந்த நீர் தெளிப்பது, காலைச் சுண்டுவது எல்லாம் வேண்டாம். இரண்டு வாய் குடித்துவிட்டு மார்பிலேயே தூங்கிப்போகும்; அப்போது மதி மார்பை மெல்ல அழுத்திவிட்டால் பால் இறங்கி மறுபடி சப்பத் தொடங்கும். இடைவெளி நீண்டால் அவளுக்கும் துன்பம்தான்: மூன்றாம் நான்காம் நாளில் பால் கட்டிக்கொண்டு, பிள்ளையால் பற்றவே முடியாமல் போகும்.

பிறந்த குழந்தையின் நாக்கில் சேனைத் தண்ணீர் வைப்பது உங்கள் வீட்டு வழக்கம் என்பது எனக்குத் தெரியும். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர் வயிற்றில் பாலின் இடத்தை அடைத்துக்கொள்ளும். தேன் ஒரு வயதுவரை நாக்கில் படவே கூடாது.

அலாரம் வைத்துக்கொள். ஆனால் நீ அதைத் தூக்கத்திலேயே அணைத்துவிட்டு, பின் "அடிக்கவே இல்லை" என்று சத்தியம் செய்பவள் என்பது நம் விடுதியின் பதினேழாம் அறை முழுவதற்கும் தெரியும். கையெட்டும் தூரத்தில் வைக்காதே. இரவு முறையை மாப்பிள்ளையிடம் கொடு, பாட்டுப்பாடி எழுப்பட்டும். எழுப்பியும் எழாமல், இரண்டு வேளை தொடர்ந்து பால் குடிக்காமல் போனால், உடம்பு துவண்டாலோ சுட்டாலோ சில்லிட்டாலோ, மஞ்சள் உள்ளங்கைக்கு இறங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதே. அந்த அரை நாளை நான் இழந்தது போதும்.

எனக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான் என்று ஒருமுறை மொட்டை மாடியில் உன்னிடம் சொன்னேன், நினைவிருக்கிறதா? பிறந்த ஒன்பதாம் நாள் தூக்கத்திலேயே போய்விட்டவன். எதனால் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் கடைசிவரை அவனைப் பற்றிச் சொன்னது ஒரே வாக்கியம்: "தங்கமான பிள்ளை, அழவே அழாது." சிறுவயதிலிருந்து கேட்டுப் பழகிய அந்த வாக்கியம் அன்று அந்த நடைக்கூடத்தில் எனக்குத் திரும்பவும் கேட்டது. "அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்று நாம் சொல்லிச் சொல்லி வளர்ந்தோம். அழ வலுவில்லாத பிள்ளையைப் பற்றி நமக்கு யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை, செல்வி.

நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கோடு போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பால் கொடுத்த நேரம், எவ்வளவு நேரம் குடித்தது, சிறுநீர், மலம் என்று பத்திகள் பிரித்திருக்கிறேன். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறையாவது துணி நனைய வேண்டும், மலம் கறுப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். அதை மேலே சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன். பிறந்த எடையையும் ஐந்தாம் நாள் எடையையும் எனக்கு அன்றன்றே சொல், நள்ளிரவானாலும் அழைக்கலாம். இம்முறை நான் வைத்துவிட மாட்டேன்.

அன்புடன்,
ராஜி