தீக்குச்சிக் கணக்கு

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனில் நீ சொன்னதிலேயே மனசு நிற்கிறது. பெண்களுக்குப் பணக் கணக்கு சொல்லித்தரும் உன் முதல் வகுப்பு, இருபது பேர், 'சேமிப்பின் அவசியம்' என்று ஆரம்பிக்கப் போகிறாயாம். வேண்டாம்டி. கிடைக்கிற கூலியில் வாடகையும் மருந்தும் பார்த்து, அவசரத்துக்கென்று துணி மடிப்பில் கொஞ்சம் முடிந்து வைக்கிறவளுக்குச் சேமிப்பைப் பற்றி நீ என்ன சொல்லிவிடப் போகிறாய்?

நானும் அந்த வயதில் அப்படித்தான் போனேன். வரவு, செலவு, மிச்சம் என்று கோடு போட்ட நோட்டை ஆளுக்கொன்று கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது ஒருத்தி மட்டும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் நோட்டைப் புரட்டி, "மிச்சம்னு போட்டிருக்கே, எங்கே அது?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். அவளுக்குக் கணக்கு எழுதத் தெரியாமல் இல்லை. எழுதக் கூடாது என்று தெரிந்துதான் அதுவரை எழுதாமல் இருந்திருக்கிறாள். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்.

ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் 1991-இல் கேர் என்ற தொண்டு அமைப்பு தொடங்கிவைத்து, பிறகு பல நாடுகளுக்குப் பரவிய சேமிப்புக் குழு முறையைப் படித்தபோது அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது. பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று பேரிடம், பெட்டி இன்னொருத்தியிடம். யாராவது கேட்டால் "என் கையில் இல்லையே" என்று பொய் சொல்லாமலே சொல்லிவிடலாம்.

அவர்களுக்குத் தெரியாதது வட்டியின் சூட்சுமம். ஆகவே முதல் நாளே, கடன் வாங்கிய தவணை அட்டையைக் கொண்டு வரச் சொல். 12,000 கடன், வருஷத்துக்கு 20 சதவீதம், மாதம் 1,200 வீதம் 12 தவணை என்று வைத்துக்கொள். மொத்தம் 14,400, கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆளுக்கு 12 தீக்குச்சி கொடு, குச்சிக்கு ஆயிரம். தவணை கட்டும்போதெல்லாம் ஒரு குச்சியைத் திருப்பி வாங்கு, கூடவே வட்டி 200 என்று சொல்லிக்கொண்டே வா. நான் இப்படிச் செய்தபோது, கடைசிக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா, "இந்த ஒத்தை ஆயிரத்துக்கா ஒரு மாசத்துக்கு இருநூறு வட்டி?" என்று கேட்டார். அறையே அமைதியாகிவிட்டது. குறைந்துவரும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அந்த 20 உண்மையில் 35 சதவீதம். இதைக் கரும்பலகையில் எழுதியிருந்தால் ஒருத்தி தலையிலும் ஏறியிருக்காது.

'வட்டி மீதி அசலுக்கா, முழு அசலுக்கா?' இந்த ஒரு கேள்வியைக் கையெழுத்துக்கு முன்னால் கேட்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கடன் தருகிறவர் எரிச்சல்படுவார், படட்டும்.

புத்தகக் கணக்கைக் குறைத்துக்கொள். டொமினிகன் குடியரசில் சிறு வியாபாரம் செய்கிறவர்களிடம் நடந்த ஒரு ஆய்வு 2014-இல் வெளியானது. முழுக் கணக்கியல் படித்தவர்களைவிட, வியாபாரப் பணமும் வீட்டுப் பணமும் தனித்தனியாக இருக்கட்டும் என்பது போன்ற எளிய விதிகளைக் கற்றவர்கள்தான் நடைமுறையில் மாறினார்களாம். எனக்கு ஆச்சரியமில்லை.

வங்கி அட்டையின் ரகசிய எண்ணை மகனிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள். அதை இரண்டாவது வாரத்துக்கு வைத்துக்கொள்.

இருபது பேருக்கு 240 குச்சி வேண்டும். தலையைக் கிள்ளிவிட்டுக் கொண்டு போ, குழந்தைகளும் வருவார்கள். முடிந்ததும் ராத்திரி கூப்பிடு.

அம்மா