ஸ்டூல் விசயத்த முதல்ல போடு

கண்ணு,

நேத்து போன்ல நீ வேலைய விட்டுட்டு கெளம்பி வாம்மான்னு சொன்னப்ப தொண்ட அடச்சிருச்சு, பதிலே வரல, அதான் ராத்திரி உக்காந்து எழுதுறேன்.

எங்க கடையில இருந்த பழைய மேனேஜர் குன்னூர்க்காரரு, மழை புடிச்சா மலைப்பாதையில பர்லியார் பக்கம் மண்ணு சரிஞ்சி லாரி நின்னுரும்னு தெரிஞ்சி பால் பிரெட்டுக்கெல்லாம் முன்னாடியே சொல்லி வச்சிருவாரு. இப்ப இருக்கறவரு கீழ இருந்து வந்தவரு, அது தப்பில்ல, ஆனா யாரையும் ஒரு வார்த்த கேக்க மாட்டேங்குறாரு. போன டிசம்பர்ல தேங்காயெண்ண பாட்டில்லயே ஒறஞ்சிருச்சு, 24 டிகிரிக்கு கீழ போனா ஒறையத்தான செய்யும், பழைய ஸ்டாக்க தள்ளிவிட்டேன்னு கஸ்டமர் முன்னாடி என்னய கத்துனாரு. நீலகிரில பிளாஸ்டிக் பை தடைங்க சார்னு நாலு தடவ சொன்னேன், கேக்காம எறக்குனாரு, செக்கிங்ல மாட்டி அபராதம் போட்டாங்க, அத எங்க அஞ்சு பேரு சம்பளத்துல புடிச்சிட்டாரு.

அதக்கூட பொறுத்துக்கிட்டேன் கண்ணு. இப்ப சீசன், சிம்ஸ் பார்க் பழக்கண்காட்சி கூட்டம், வார லீவே இல்ல, பில் கவுண்டர்ல பத்து மணி நேரம் நின்னுக்கிட்டே இருக்கோம். இருந்த ஒரே ஸ்டூலயும் உக்காந்தா சோம்பேறி ஆயிருவீங்கன்னு தூக்கி குடோன்ல போட்டுட்டாரு. என் கால் வீக்கத்த விடு, அடுத்த கவுண்டர் புள்ளைக்கு அஞ்சாம் மாசம், நேத்து செவுத்த புடிச்சிக்கிட்டு பில் போட்டுச்சு. அத நிக்க வச்சிட்டு நான் மட்டும் எப்புடி சாமி வர்றது?

கடையில வேல செய்றவங்களுக்கு உக்கார எடம் குடுத்தே ஆகணும்னு 2021லயே தமிழ்நாட்டுல சட்டம் போட்டாச்சாம். வாரத்துல ஒரு நா லீவு, எட்டு மணி நேரத்துக்கு மேல போனா ரெட்ட சம்பளம், இதெல்லாம் கடைகளுக்கான 1947 சட்டத்துலயே இருக்குதாம். ஆறு மாசத்துக்கு மேல வேல பாத்தவங்கள தகுந்த காரணம் இல்லாம நிறுத்த முடியாது, ஒரு மாச நோட்டீஸ் இல்லன்னா அந்த சம்பளமாச்சும் குடுக்கணும். எனக்கு ஏழு வருசம் ஆச்சு, அதனால மனு குடுத்தா மொத கையெழுத்து என்னோடதுன்னு சொல்லிட்டேன், மத்த நாலு பேரும் போடறேன்னுட்டாங்க.

தொழிலாளர் துறை ஆபீசுக்கு ஒரு மனு நீ தமிழ்ல டைப் பண்ணி வாட்ஸப்ல அனுப்பு கண்ணு, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பிரிண்ட் எடுத்துக்கறேன். அபராத காசு, ஓவர்டைம் எல்லாம் பின்னாடி எழுது. ஸ்டூல் விசயத்த முதல்ல போடு. வியாழக்கெழமைக்குள்ள அனுப்பிரு.

அம்மா