ஒரு சுடுமண் சிலை கைமாறிய வரலாறு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. உடல்நலம் தேறி, பாதியில் நின்றிருந்த சிற்பப் பட்டியலை மீண்டும் எழுதத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். போலியென்று உறுதியான ஒரு பொருள் யார் யாரிடம் இருந்தது என்று தேடுவதில் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு என்பதற்கு, பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் வாங்கிய பெனிவியெனி மார்பளவுச் சிலையே சான்று.

மறுமலர்ச்சிக் காலத்து ஃபுளோரன்ஸ் கவிஞர் ஜிரோலாமோ பெனிவியெனியின் பெயர் பொறித்த அந்தச் சுடுமண் சிலையை, 1863 வாக்கில் ஜொவான்னி பாஸ்தியானீனி என்ற சிற்பி, பழம்பொருள் வணிகர் ஃபிரெப்பாவுக்காக வடித்தார். சிலைக்கு மாதிரியாக அமர்ந்தவர் புகையிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர். உழைத்துத் தளர்ந்த அந்த முதியவரின் முகச் சுருக்கங்கள்தாம் பின்னர் கவிஞரின் ஞான முதிர்ச்சியாகப் போற்றப்பட்டன. சிற்பிக்குக் கிடைத்தது 350 பிராங்க். 1864இல் நோலிவோஸ் என்ற பிரெஞ்சுச் சேகரிப்பாளர் அதை 700 பிராங்குக்கு வாங்கினார். 1866இல் அவருடைய சேகரிப்பு பாரிஸில் ஏலத்துக்கு வந்தபோது, லூவர் 13,000 பிராங்குக்கு மேல் கொடுத்து அதை எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே ஃபிரெப்பா உண்மையை வெளியிட்டார். அரசின் நுண்கலைத் துறைத் தலைவர் நியுவெர்கெர்க் அதை ஏற்க மறுத்தார். இக்காலத்தவர் எவராலும் இப்படி வடிக்க முடியாது என்று லெக்கேன் என்ற சிற்பியும் வாதிட்டார். அந்த வாதம் ஓயுமுன்பே, 1868இல், பாஸ்தியானீனி நாற்பது வயதுகூட நிறையாமல் இறந்துபோனார். அவரை மோசடிக்காரர் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை; அவர் பெற்றது வேலைக்கான கூலி, லாபம் பிறர் கைக்குப் போயிற்று.

இந்த வரிசையில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது அதன் தொடக்கம்தான். ஃபிரெப்பாவுக்கு முன் ஓர் உரிமையாளர் பெயர்கூட இல்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உடையதாகக் கருதப்பட்ட ஒரு சிலைக்கு, அதை வைத்திருந்த குடும்பமோ தேவாலயமோ உயிலோ சொத்துக் குறிப்போ இல்லாதபோது, அந்த வெற்றிடமே முதல் ஐயத்தை எழுப்பியிருக்க வேண்டும். முகத்தின் உயிர்ப்பில் மயங்கியவர்கள் அது எங்கிருந்து வந்தது என்று துருவிக் கேட்கவில்லை. சுடுமண் கடைசியாக எப்போது சூளையில் வெந்தது என்பதைத் தோராயமாகக் கணிக்கும் ஒளிர்வுச் சோதனை இன்று நம்மிடம் இருக்கிறது. அன்று கையில் இருந்தது இந்தக் கேள்வி ஒன்றே.

ஆகவே உங்கள் பட்டியலில் இத்தகைய சிலைகளுக்கு எதிரே ‘போலி’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். செய்தவர், விற்றவர், வாங்கியவர், கைமாறிய விலை ஆகிய அனைத்தையும் ஆண்டு வரிசையில் சேர்த்துவிடுங்கள். அந்தப் பக்கங்கள் தயாரானதும் அனுப்பினால் ஆவலோடு படிப்பேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்